கைப்பிடிச்சுவர்

ஆதார வசனம்: உபாகமம் 22:8



இந்த மாதம் பின்மாரி மழையைக் குறித்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். யோவேல் இரண்டாம் அதிகாரத்திலிருந்து குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். அது அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் என் மனச்சாட்சி என்னைச் சும்மா விடாது.

எங்களுக்குத் திருமணமாகிப் பதின்மூன்று வருஷம் பிள்ளை இல்லை என்பது சபைக்கு நன்றாகத் தெரியும். உபவாசக் கூட்டங்களில் எத்தனை முறை எங்களுக்காக முழங்காலில் நின்றீர்கள்! "அன்னாளின் ஜெபத்தைக் கேட்டவர் உங்க ஜெபத்தையும் கேட்பார் பாஸ்டர்" என்று சொல்லிச் சொல்லி எங்களைத் தேற்றினீர்கள். கர்த்தர் கேட்டார். அல்லேலூயா! நாற்பத்து நான்காம் வயதில் என்னைத் தகப்பனாக்கினார். என் வயதுக்காரர்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில் நான் தொட்டில் கயிறு வாங்கினேன்.

ஐந்து மாதம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. போட்ட இடத்தில் கிடப்பான். பிறகு புரண்டான். பிறகு வயிற்றைத் தேய்த்து நீந்துகிறதுபோல வந்தான். எட்டாம் மாதம் முடியும்போது முட்டி போட்டுத் தவழ ஆரம்பித்தான். நம் தமிழ்ப் பெரியவர்கள் பிள்ளைத்தமிழில் இதையெல்லாம் செங்கீரை, சப்பாணி, வருகை என்று பருவம் பருவமாகப் பிரித்துப் பாடியிருக்கிறார்கள். வருகை என்றால் நமக்கு வேறு நினைவு வரும். அவர்களுக்கு அது பிள்ளை தளர்நடை போட்டு வருவது. பாட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வீட்டில் அப்படியில்லை. பிள்ளை தவழத் தொடங்கிய அன்றைக்கே வீட்டின் தரை வேறு தரையாக மாறிவிடுகிறது.

நான் வாரத்தில் ஆறு நாள் வயரிங் வேலை செய்கிறவன். வீட்டில் ஒரு மூலையில் ஸ்க்ரூ, கிளிப், வயர்த் துண்டு. என் மனைவி தையல் தைக்கிறவள். இன்னொரு மூலையில் பொத்தான், குண்டூசி, கொக்கி. இரண்டுக்கும் நடுவில் கர்த்தர் கொடுத்த பிள்ளை. போதாததற்கு எங்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குடம், வாளி, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்காவிட்டால் பிழைப்பில்லை.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். பாட்டு முடிந்து, வசனம் முடிந்து, கடைசியாக நான் ஜெபித்தேன். அன்றைக்கு ஜெபத்தில் நல்ல பாரம் இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. என் மனைவி அடுப்படியில் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை என்னிடம் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவளிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். யார் மடியிலாவது இருப்பான் என்று மற்ற எல்லாரும் நினைத்தார்கள். இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தோம். ஒருத்தியைத் தவிர.

அவள் நம் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன்தான் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்த்ததற்காக அவளை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். "கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபிச்சா அந்த ஜெபம் கேக்கப்படாது" என்று சொன்னேன். எந்த அதிகாரத்தில் அதை வாசித்தேன் என்று இன்றைக்குத் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை. லாசருவின் கல்லறை முன்னால் நம் ஆண்டவர் கண்களை ஏறெடுத்து அல்லவா ஜெபித்தார் (யோவான் 11:41)?

அந்தப் பிள்ளை அன்றைக்கும் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். சின்னவன் பாயைவிட்டு இறங்கி, கதவு ஒருக்களித்திருந்த குளியலறைப் பக்கம் தவழ்ந்து போனதைப் பார்த்தாள். போனவன் திரும்பவில்லை. இவள் எழுந்து போய்ப் பார்த்தபோது, வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று எட்டிப் பார்த்தவன் தலைகுப்புற உள்ளே சரிந்திருக்கிறான். வாளி நிறையத் தண்ணீர் இல்லை, ஒரு சாண்தான். கால் இரண்டும் மேலே. தண்ணீர் தெறிக்கிற சத்தம்கூட இல்லையாம். இவள் இடுப்பைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டாள்.

எடுத்தவள் என்ன செய்தாள் தெரியுமா? நனைந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் எதிரே நின்றிருக்கிறாள். நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவன் இருமி, வாந்தி எடுத்து, வீறிட்ட பிறகுதான் நான் கண்ணைத் திறந்தேன். "ஏம்மா உடனே கூப்பிடல?" என்று கேட்டதற்கு, "ஜெபம் முடியட்டும்னு நின்னேன் பாஸ்டர்" என்றாள்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. சில விநாடிதான் நின்றிருப்பாள். ஆனால் அந்த விநாடிகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூச்சுக்குழலில் தண்ணீர் போயிருந்தால் சில மணிநேரம் கழித்துக்கூடத் திணறல் வரலாம் என்று சொல்லி டாக்டர் விடியும்வரை வைத்துப் பார்த்தார்கள். காலையில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஞாயிறு ஆராதனையில், "பாஸ்டர், சாட்சி சொல்லுங்க" என்று பலரும் கேட்டீர்கள். எழுந்து நின்றேன். கர்த்தர் காத்தார் என்றேன், அது சத்தியம். ஆனால் அதோடு உட்கார்ந்திருந்தால் நான் பாதிச் சாட்சிதான் சொன்னவனாவேன். அந்தப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, சபை நடுவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்குப் பிரசங்கம் நன்றாக வரவில்லை. வராததே நல்லது.

மோசே பிறந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதம் ஒளித்து வைத்தார்கள். அதற்கு மேல் கூடாமற்போனபோது தாயானவள் நாணற்பெட்டி எடுத்தாள். எடுத்தவுடனே பிள்ளையை வைத்து ஆற்றில் விட்டாளா? இல்லை. பிசின் பூசினாள், கீல் பூசினாள். ஒரு துளி தண்ணீர் உள்ளே வராதபடி பூசிய பிற்பாடுதான் பிள்ளையை அதில் கிடத்தினாள். நடு ஆற்றிலும் விடவில்லை. ஓரத்து நாணலுக்குள்ளே வைத்தாள். அப்புறம் அக்காக்காரி தூரத்தில் நின்று என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள் (யாத். 2:3,4). அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை, கவனித்தீர்களா?

இப்பொழுது எபிரெயர் பதினோராம் அதிகாரத்துக்கு வாருங்கள். விசுவாச வீரர்களின் பட்டியலில் இந்தத் தாய்தகப்பனும் வருகிறார்கள் (எபி. 11:23). கீல் பூசின கை விசுவாசமுள்ள கை. விசுவாசம் குறைந்ததினால் பூசினாள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், நம் சபையில் மூத்தவர் ஒருவர், அவருடைய ஜெப வாழ்க்கைக்கு நான் தலைவணங்குகிறேன், அந்த வாரம் வீட்டுக்கு வந்தார். நான் படிக்கட்டுக்குக் கம்பித் தடுப்பு போட அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். "என்ன பாஸ்டர், கர்த்தர் கொடுத்த பிள்ளையைக் கர்த்தர் காப்பார். நீங்க போயி கேட்டு, கம்பின்னு அலையிறீங்களே. தொண்ணூத்தி ஒண்ணாம் சங்கீதத்தை நம்பலையா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன்தான். ஆனால் பெரியவர்கள் கேட்கும்போது வாய் கட்டிப்போகும்.

இரவில் அந்தச் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். தூதர்கள் கையில் ஏந்திக்கொள்ளுவார்கள், கால் கல்லில் இடறாது என்கிற வாக்குத்தத்தம் எத்தனை இனிமையானது! ஆனால் சுவிசேஷத்தில் அந்த வசனத்தை எடுத்துச் சொல்லுகிறது யார்? சோதனைக்காரன். எங்கே நின்று சொல்லுகிறான்? தேவாலயத்து உப்பரிகையில், கீழே குதி என்று சொல்லும்போது. ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்திலிருந்து பதில் கொடுத்தார் (மத். 4:5-7, உபா. 6:16). அதே உபாகமத்தில் பதினாறு அதிகாரம் தள்ளி வாருங்கள். புதிதாய் வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல் வரும் என்று சொல்லுகிறார்.

அந்தக் காலத்து இஸ்ரவேலர் வீடுகள் தட்டையான மாடி உள்ளவைகள். மாடியில் சணல்தட்டைகளை அடுக்கி வைத்தார்கள் (யோசுவா 2:6). மாடியில் ஏறி ஜெபித்தார்கள். யோப்பா பட்டணத்தில் பேதுரு ஜெபிக்கப்போய் ஞானதிருஷ்டி அடைந்தது வீட்டு மாடியில்தான் (அப். 10:9,10). தோல் பதனிடுகிற சீமோன் கைப்பிடிச்சுவர் கட்டியிருந்தாரா என்று வேதம் சொல்லவில்லை. கட்டியிருப்பார் என்றே நம்புகிறேன். ஆவிக்குள்ளாகிற மனுஷனுக்குச் சுவர் அதிகமாகவே தேவை.

தூதர்களை அனுப்புகிற தேவன்தான் சுவரையும் கட்டச் சொன்னார். இரண்டும் ஒரே வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தை. ஒன்றை விசுவாசித்து மற்றொன்றை விட்டுவிட நமக்கு அதிகாரம் கிடையாது.

இதை ஆவிக்குரிய பாடமாக்கி, வாளி என்றால் உலகம், தண்ணீர் என்றால் பாவம் என்று நான் விளக்குவேன் என்று சிலர் காத்திருப்பீர்கள். இந்த மாதம் வேண்டாம். வாளி என்றால் வாளிதான். நம் சபையில் மட்டும் இப்போது தவழுகிற பருவத்தில் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகையால் டாக்டரிடமும் நர்ஸம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் தொழிலில் எனக்குத் தெரிந்ததையும் அப்படியே எழுதுகிறேன்.

தவழுகிற பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். குனிந்தால் சரிந்துவிடும், சரிந்தால் தன்னால் நிமிரமுடியாது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். சத்தமும் வராது. ஆகவே தண்ணீர் பிடித்து வைக்கிற பாத்திரங்களுக்கு இறுக்கமான மூடி வேண்டும். குளித்து முடித்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிடவேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். கிணறு உள்ள வீடுகளில் கிணற்றுக்குக் கம்பிவலை, தரையில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. இதற்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், சபையில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, முட்டிபோட்டு, பிள்ளை தவழுகிற உயரத்தில் வீடு முழுவதும் தவழ்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று சிரித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம், புளியங்கொட்டை, இரண்டு பொத்தான், ஒரு ஊக்கு, பீரோவுக்கு அடியில் ஒரு அந்துருண்டை. எல்லாவற்றையும்விட என் வயிற்றைக் கலக்கினது ஒரு பட்டன் பேட்டரி.

நான் எலக்ட்ரிக்கல் வேலைக்காரன். எனக்கே இதன் முழு ஆபத்து தெரியாமலிருந்தது. ரிமோட்டில், எடை பார்க்கிற மிஷினில், பாட்டுப் பாடுகிற பொம்மையில் வட்டமாகத் தட்டையாக இருக்குமே, அதுதான். மூன்று வோல்ட் என்ன செய்யும் என்று நினைப்போம். உணவுக்குழலில் சிக்கினால் அந்த ஈரத்திலேயே மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணிநேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் ஆபத்துதான். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், "மலத்தில் வந்துவிடும்" என்று காத்திருக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மண்ணெண்ணெய், தின்னர், டாய்லெட் கழுவுகிற அமிலம் இவைகளைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். அமிலம் போன வழியை மறுபடியும் வேகவைக்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். அதுவும் கூடாது. பிள்ளை சத்தமாக இருமினால், அழுதால், இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை சற்றுத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து அமுக்கு. பொருள் வெளியே வருகிறவரைக்கும், அல்லது பிள்ளை அழுகிறவரைக்கும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். பிள்ளை துவண்டுபோனால் அதற்கு வேறு முதலுதவி உண்டு. 108-ல் பேசுகிறவர்கள் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவக்கூடாது. இன்னும் உள்ளே போய்விடும். எழுதி வாசிப்பதைவிடச் செய்து பார்ப்பதே நல்லது. நர்ஸம்மா ஒருநாள் வந்து பொம்மையை வைத்துச் செய்துகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சுடுதண்ணீர், டீ, கஞ்சி மேலே கொட்டினால் இருபது நிமிஷம் குழாய்த்தண்ணீரில் காட்டுங்கள். மை, பற்பசை, இட்லி மாவு ஒன்றும் பூசவேண்டாம்.

கரண்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. தரையோரம் இருக்கிற பிளக் பாயிண்டுகளுக்கு ஷட்டர் உள்ளதாக மாற்றுங்கள். போன் சார்ஜரை மாட்டினபடியே விடாதீர்கள். தொங்குகிற நுனி நேரே பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். மலிவான சார்ஜரில் உள்ளே பழுதானால் 230 வோல்ட்டும் அந்த நுனிக்கு வந்துவிடலாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சபையார் வீடுகளுக்கு நான் கூலி இல்லாமல் வந்து மாட்டித் தருகிறேன். பொருள் மட்டும் வாங்கி வையுங்கள். நல்ல கம்பெனிப் பொருளாக வாங்குங்கள்.

சுவரைக் குறித்து இவ்வளவு சொன்னேன். இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதையும் என் வீட்டிலேயே பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் மனைவி பிள்ளையைத் தரையில் விடவே இல்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள். மடியில் வைத்துக்கொண்டு பொத்தான் தைத்தாள். இரவில் அவன் நெஞ்சில் கைவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். பதின்மூன்று நாள் இப்படிப் போயிற்று. நானும் ஒழுங்கில்லை. வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் பண்ணி, "எங்க இருக்கான்? கையிலதான இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏணியின் மேல் நின்று போன் பேசினதில் நானே விழுந்திருப்பேன்.

அந்த நாட்களில்தான் மேவிபோசேத்தின் சரித்திரம் எனக்குத் திறக்கப்பட்டது. அவனுக்கு ஐந்து வயது. சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி வந்தது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அந்த ஓட்டத்தில் பிள்ளை விழுந்தான், இரண்டு காலும் முடமாயிற்று (2 சாமு. 4:4). எத்தனையோ தடவை இதைப் பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் தாவீதின் பந்தியைக் குறித்தே பேசுவேன். தாதியைக் கவனித்ததில்லை. அவள் கவலையற்றவள் அல்ல. பிள்ளைமேல் உயிரை வைத்தவள். பிள்ளையை அவள் எறிந்துவிடவில்லை, இறுகத்தான் பிடித்திருப்பாள். பயத்தில் ஓடினாள், அவ்வளவுதான். அந்தப் பயம் பிள்ளையின் காலை முறித்தது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா என் மனைவியிடம், "இறக்கி விடும்மா. முட்டி தேயட்டும். இடுப்புலயே வச்சிருந்தா அவன் கை கால் எப்ப பலப்படும்?" என்று கேட்டார்கள். இவள் பேசாமல் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவங்களுக்கென்ன, சொல்லிட்டாங்க" என்றாள்.

ஓசியா பதினோராம் அதிகாரத்தை அன்றிரவு சேர்ந்து வாசித்தோம். எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்று தேவன் தகப்பனாகப் பேசுகிற இடம் (ஓசியா 11:3). எபிரெயத்தில் 'ரெகெல்' என்றால் கால். அந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினையைத்தான் அங்கே தீர்க்கதரிசி வைத்திருக்கிறார். பரலோகத்தின் தேவன் குனிந்து நின்று, ஒரு பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து, அடி எடுத்து வைக்கப் பழக்குகிறார். அதற்கு முந்தின வசனத்தையும் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் பாகால்களிடத்துக்குப் போனார்கள். எந்தக் காலை அவர் நடக்கப் பழக்கினாரோ அந்தக் கால் அவரைவிட்டுப் போயிற்று. போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் பழக்கினார். இடுப்பிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

இதை வாசித்தபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "நாளைக்கு விடுறேன்" என்றாள்.

இடையில் இன்னொன்று. பிள்ளை சீக்கிரம் நடக்கட்டும் என்று சபையில் ஒரு குடும்பத்தார் சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் அன்புக்கு ஸ்தோத்திரம். ஆனால் நான் அதை உபயோகிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்கவேண்டாம். அதில் உட்கார்ந்த பிள்ளை நாம் திரும்புகிறதற்குள் அடுப்படிக்கோ படிக்கட்டுக்கோ போய்விடும். நடையும் சீக்கிரம் வராது. கனடா தேசத்தில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். நம் ஊர் மரத்து நடைவண்டி வேறு. அது நிற்கத் தெரிந்த பிள்ளை தானே தள்ளிக்கொண்டு போவது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த வாக்கரைப் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட வைத்திருக்கிறோம்.

அதேபோல, "எங்க பேரன் ஒம்பது மாசத்துல நடந்துட்டான், உங்க பிள்ளை இன்னும் நிக்கலையா?" என்கிற பேச்சை ஆராதனை முடிந்த வாசலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மாமார்களே. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து தேசத்துப் பிள்ளைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கில், தானாக நடக்கிற வயது ஏறக்குறைய எட்டு மாதம் தொடங்கிப் பதினேழரை மாதம் வரைக்கும் இருக்கிறது. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முட்டிபோட்டுத் தவழாமலே நடந்துவிடுகிறார்கள். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் அந்தத் தாயை நிம்மதியாக இருக்கவிடுங்கள்.

மறுநாள் காலை. குளியலறைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். தையல் மிஷினின் பெல்ட்டைக் கழற்றினாள். பாயை விரித்தாள். இடுப்பிலிருந்தவனை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்து உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு நேரே தையல் மிஷினின் மிதிபலகைக்குத்தான் போனான். அதைப் பிடித்து எழுந்து நின்றான். தொப்பென்று உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கண் மட்டும் அவனைவிட்டு அகலவில்லை.

தொண்ணூற்று ஒன்றாம் சங்கீதம் கேட்ட அந்த மூத்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் தச்சு வேலை செய்கிறவர். வசனங்களை எடுத்துக் காட்டி அவரிடம் பேசினேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இன்ச் டேப்போடு வந்து நின்றார். "ரெண்டடி போதுமா பாஸ்டர், ரெண்டரை வேணுமா?" என்றார். மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தேக்குச் சட்டத்தில் இரண்டு சின்னக் கதவு செய்து போட்டார். குறுக்குக் கம்பி வைத்தால் பிள்ளை ஏணியாக ஏறிவிடும் என்று நெட்டுச் சட்டமாகவே வைத்தார். சட்டத்துக்குச் சட்டம் நான்கு அங்குலத்துக்கு மேல் விடவில்லை. மொட்டைமாடிச் சுவரையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மூலையில் காரை விட்டிருக்கிறது, வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூசச் சொல்லுங்கள் என்றார். கூலி வாங்கவில்லை.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் இனி ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். கடைசி ஜெபம் நடக்கும்போது முறைவைத்து ஒருவர் கண்ணைத் திறந்து, எழுந்து நின்று, பிள்ளைகளைப் பார்த்தபடியே ஜெபிக்கவேண்டும். விழித்திருக்கவும் வேண்டும், ஜெபிக்கவும் வேண்டும் என்று கெத்செமனேயில் ஆண்டவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார் (மத். 26:41). எருசலேம் அலங்கத்தைக் கட்டினவர்களும் ஜெபமும் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள் (நெகே. 4:9). முதல் முறை அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே கொடுத்தோம். இரண்டாம் முறை எனக்கு. கண்ணைத் திறந்து ஜெபிப்பது எனக்குப் பழக்கமில்லாததினால் வார்த்தை தடுமாறிற்று. பாதியில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து செருப்பு வாரை எடுக்கவேண்டியதாயிற்று.

வருகிற சனிக்கிழமைக் கூட்டமும் எங்கள் வீட்டில்தான், மாலை ஆறு மணிக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குளியலறைக்குப் போகிறவர்கள் வெளியே வந்ததும் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள்.